கோணல் பொறுக்காதவள்

நான் இன்றைக்கு வாய் திறந்து நாலு வார்த்தை பேசுகிறேன், பேனா பிடித்து நாலு வரி எழுதுகிறேன் என்றால், அது என் மருமகள் போட்ட பிச்சை. இப்படி எழுதினால் அவளுக்குக் கோபம் வரும். "பிச்சை கிச்சைனு எல்லாம் எழுதாதீங்க மாமா, கேக்கவே நல்லால்ல" என்பாள். வரட்டும். நடந்ததை எழுத நான் யாரிடமும் டிக்கெட் வாங்க வேண்டியதில்லை.

பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்த வேலை மனுஷனின் கண்ணைக் கெடுத்துவிடும். பரிசோதகர் ஏறியதும் ஜன்னலுக்கு வெளியே ரொம்ப ஆர்வமாகப் பார்க்கிறவன் யார், திடீரென்று தூங்கிப் போகிறவன் யார், சட்டைப் பையைத் தட்டித் தட்டித் தேடுவது போல நடிக்கிறவன் யார் என்று பார்த்துப் பார்த்து, கடைசியில் சொந்த வீட்டுக்கு வரும் விருந்தாளியைக்கூட அப்படித்தான் பார்க்கத் தோன்றும். என் மகன் கல்யாணம் செய்து அழைத்து வந்த பெண்ணையும் அப்படித்தான் பார்த்தேன். இவள் எதை மறைக்கிறாள் என்று தேடினேன். அவள் எதையும் மறைக்கவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். என் மனைவி போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிவிட்டது. மகன் லாரி ஓட்டுகிறவன், வாரத்தில் பாதி நாள் சாலையில்தான் குடித்தனம். ஆக, பகல் முழுக்க நானும் மருமகளும்தான். அவளுக்குக் கை நிறைய வேலை இருந்தது. அவளைக் குறை சொல்வது என் வேலையாக இருந்தது.

அவள் வேலை, கண்ணாடிகளைப் படம் எடுப்பது. கூலிங் கிளாஸ், பவர் கண்ணாடி, படிக்கிற கண்ணாடி என்று போனில் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்து வாங்குகிறீர்களே, அந்தப் படத்தை யாரோ ஒருவர் ஓர் அறையில் உட்கார்ந்து எடுக்கிறார் என்று என்றைக்காவது நினைத்திருக்கிறீர்களா? நான் நினைத்ததில்லை. அதெல்லாம் தானாக முளைக்கிறது என்று இருந்தேன்.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு கண்ணாடிக் கடையில் கவுன்ட்டரில் நின்றவள். வருகிறவர்களின் மூக்கில் கண்ணாடியை மாட்டி, காதுக்குப் பின்னால் கம்பியை வளைத்து, சரியாக உட்கார வைத்து அனுப்புவாள். "யாருக்குமே ரெண்டு காதும் ஒரே உயரத்துல இருக்காது மாமா, தெரியுமா" என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள். அதற்குப் பிறகு ஒரு வாரம் நான் கண்ணாடி முன்னால் நின்று என் காதுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைக்காரர் போனிலும் விற்கலாம் என்று ஆரம்பித்தபோது, சும்மா நின்ற இவளிடம் போனைக் கொடுத்து நாலு படம் எடுக்கச் சொல்லியிருக்கிறார். இவளும் எடுத்தாள். கூலிங் கிளாஸ் என்பது என்ன, முகம் பார்க்கிற கண்ணாடியின் ஒன்றுவிட்ட தம்பிதானே. ஒவ்வொரு படத்திலும் கண்ணாடிக்குள்ளே ரோஜாப்பூ நிறச் சட்டையில் இவள், தலைக்கு மேலே மின்விசிறி, பின்னால் நாற்காலியில் கொட்டாவி விடும் கடைக்காரர். வாங்க வந்த ஒரு புண்ணியவான் கீழே கேள்வி கேட்டிருந்தாராம்: "விலை உள்ளே இருக்கும் பெண்மணியையும் சேர்த்தா?" கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். இவள் சிரிக்கவில்லை. அன்றைக்கே வீட்டுக்குப் போய், இதை எப்படி எடுப்பார்கள் என்று தேட ஆரம்பித்துவிட்டாள். அவள் சுபாவம் அப்படி. முள் குத்தினால் எல்லோரும் முள்ளை எடுப்பார்கள், இவள் வேலியையே தேடிப் போவாள்.

எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அதையே முழுநேர வேலையாகச் செய்ய வேண்டும் என்றாள். போனில் கண்ணாடி விற்கும் கம்பெனியின் ஒரு பெரிய கிட்டங்கியிலிருந்து பெட்டி பெட்டியாக வரும், படம் எடுத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். அதற்கு ஓர் அறை வேண்டும். வீட்டில் இருந்ததே இரண்டு அறை, ஒரு கூடம். பின்னால் இருந்த அறை என்னுடையது.

"மாமா, உங்க ரூம்ல வெளிச்சமே வராது. எனக்கு அதுதான் வேணும்."

படம் எடுக்கிறவள் வெளிச்சம் வராத அறையைக் கேட்கிறாள். இதில் ஏதோ தில்லுமுல்லு இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. மகன் என் முகத்தைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். கடைசியில் என் கட்டில் கூடத்துக்கு வந்தது. இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், இங்கே மடத்தையே முதலில் கேட்டுவிட்டார்கள் என்று சலவைக் கடைக்காரரிடம் போய்ப் புலம்பினேன். எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கடை வைத்திருப்பவர் அவர். என் புலம்பலைக் கேட்டபடியே ஒரு படுக்கை விரிப்பை இஸ்திரி போட்டு மடித்து வைத்துவிட்டார்.

என் ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடினாள். மேஜை மேல் வெள்ளைத் துணியில் சின்னதாக ஒரு கூடாரம், கொசுவலைக்குக் குட்டி போட்டது போல. கூடாரத்துக்கு வெளியே இரண்டு பக்கமும் விளக்கு. உள்ளே வெள்ளைப் பலகை, அதன் மேல் கண்ணாடி. முன்பக்கத் துணியில் ஒரு கிழிசல், அதில் கேமராவின் மூக்கு மட்டும் நுழையும். சுற்றிலும் வெள்ளையாக இருந்தால் கண்ணாடியில் வெள்ளை மட்டும்தான் தெரியும் என்பது கணக்கு. முதல் நாள் அவள் அந்த அறையிலிருந்து வெளியே வந்த கோலத்தைப் பார்த்து எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கறுப்பு பேன்ட், முழுக்கைக் கறுப்புச் சட்டை, தலையைச் சுற்றிக் கறுப்புத் துணி.

"யாரும்மா போயிட்டாங்க?" என்றேன்.

"யாரும் போகல மாமா. இது வேலைக்கு."

"என்ன வேலைக்கு? சுவரேறிக் குதிக்கவா?"

அவள் என்னை உள்ளே கூப்பிட்டாள். மேஜை மேல் ஒரு கூலிங் கிளாஸ், முகம் பார்க்கிற கண்ணாடி போல மின்னுகிற ரகம். அதற்கு எதிரே என்னை நிறுத்தி ஒரு படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கினாள். அன்றைக்கு நான் மஞ்சள் சட்டை. இரண்டு கண்ணாடியிலும் மஞ்சளாக இரண்டு குட்டி மாமாக்கள் தொப்பையை முன்னால் அனுப்பிவிட்டு நின்றுகொண்டிருந்தார்கள். பிறகு அவள் போய் நின்று எடுத்தாள். ஒன்றுமே இல்லை, கறுப்பில் கறுப்பு கரைந்துவிட்டது. டிக்கெட் இல்லாமல் ஒளிந்துகொள்வதில் இவ்வளவு தேர்ந்த ஆளை என் சர்வீஸில் பார்த்ததில்லை என்று சொன்னேன். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டாள்.

எனக்குப் பொறுக்காதது அவளுடைய நிதானம்தான். கையுறை போட்டுக்கொண்டு ஒரு கண்ணாடியை எடுப்பாள். ரப்பர் பந்தை அமுக்கித் தூசியை ஊதுவாள். மென்துணியால் துடைப்பாள். மறுபடி ஊதுவாள். பிறகு அதைத் தலைகீழாக மேஜையில் வைத்து ஒரு விரலால் மூலையில் தட்டுவாள். ஆடாமல் உட்கார்ந்தால் கண்ணாடி நேராக இருக்கிறது என்று அர்த்தம். ஆடினால், கம்பியைச் சூடு காட்டி ஒரு மயிரிழை வளைத்து மறுபடி வைப்பாள். இது கடையில் நின்ற காலத்துப் பழக்கம். அதற்கப்புறம்தான் கேமரா. கேமராவின் திரையில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் ஓடும். மேல் விளிம்பு அந்தக் கோட்டோடு ஒட்டிப் போகிற வரைக்கும் நகர்த்துவாள், பார்ப்பாள், நகர்த்துவாள். "கோணலா இருக்கு" என்பாள் தனக்குத்தானே. நான் கூடத்திலிருந்து குரல் கொடுப்பேன்:

"ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்."

"மேடை கோணலா இருந்தா சொல்லித்தானே ஆகணும் மாமா" என்று உள்ளேயிருந்து பதில் வரும். இது எங்கள் வீட்டில் தினமும் நடக்கும். காலையில் பால் வருவது மாதிரி.

கிட்டங்கியில் இவளுக்கு வேலை அனுப்புகிறவர் ஒருவர் இருந்தார். நான் அவரைப் பார்த்ததில்லை. அவர் அனுப்பும் ஒவ்வொரு செய்தியும் 'அவசரம்' என்ற சொல்லில் முடியும் என்பதால் அவருக்கு அவசரம் என்றே பெயர் வைத்துவிட்டேன். அவருக்கும் எனக்கும் ஒரு விஷயத்தில் ஒரே கருத்து, இவள் மெதுவாகச் செய்கிறாள் என்பது. ஒருநாள் போனில் ஸ்பீக்கர் போட்டுப் பேசிக்கொண்டிருந்தாள்.

"மேடம், கண்ணாடியை வச்சு நேராக்கிட்டு உக்காராதீங்க. எப்படி இருக்கோ அப்படியே எடுங்க. கம்ப்யூட்டர்ல சாய்ச்சு நேராக்கிக்கலாம். மத்தவங்க எல்லாம் அப்படித்தான் செய்யறாங்க."

"படத்துல நேராயிடும் சார். வாங்கினவங்க மூக்குல சாஞ்சுதான் உக்காரும்."

"அது நம்ம கவலை இல்ல மேடம்."

"என் படத்தைப் பாத்துத்தானே சார் வாங்கறாங்க."

நாய் வாலை நிமிர்த்தப் பார்க்கிறார் மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன். நாய் வால் என்று யாரைச் சொன்னேன் என்பது அவசியமில்லை.

பிறகு கிட்டங்கியில் வயசானவர்களுக்கான படிக்கிற கண்ணாடிகள் விற்க ஆரம்பித்தார்கள். முகத்தில் போட்டால் எப்படி இருக்கும் என்று காட்ட ஒரு வயசான முகம் வேண்டும் என்றார் அவசரம். அவள் கூடத்துக்கு வந்து என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். கடையில் பழம் பொறுக்குகிறவர்கள் பார்ப்பது போல.

"மாமா, உங்க மூக்கு ரொம்ப நேரா இருக்கு."

அத்தனை வருஷம் என்னோடு வாழ்ந்த என் மனைவி என் மூக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. கோபம் வந்து உட்காருகிற இடம் என்று மட்டும் சொல்லியிருக்கிறாள்.

"அதுக்கென்ன இப்ப?"

"மூக்கு மட்டுமில்ல. புருவம், கண்ணு, உதடு எல்லாம் மட்டப்பலகை வச்ச மாதிரி இருக்கு. இந்த மாதிரி முகம் கிடைக்கவே கிடைக்காது."

சரி என்று சொல்லிவிட்டேன். எதற்கு மறைக்க வேண்டும், புகழ்ச்சிக்கு மயங்காதவன் யார். அன்றிலிருந்து நானும் அந்த அறைக்குள் உத்தியோகத்துக்குப் போனேன். சுவரோரம் கைப்பிடி வைத்த நாற்காலி, பின்னால் சாம்பல் நிறத் திரை. அவள் கண்ணாடியை மாட்டுவாள், திரும்பிப் போய்க் கேமராவில் பார்ப்பாள். என் முகத்தில் அவளுக்கு மூன்று கோடுகள்: புருவம் ஒன்று, கண்ணாடியின் விளிம்பு ஒன்று, மூடிய உதடு ஒன்று. மூன்றும் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் தண்டவாளம் மாதிரி போக வேண்டும். என் முகத்தில் அது சுலபமாகப் போகும் என்பாள். என் சொந்த அறையில் எனக்கே சம்பளமில்லாத வேலை என்று கீழே போய்ச் சொன்னேன். சலவைக் கடைக்காரர், "போன வாரம் என் வீட்டம்மா உங்க படத்தைப் பாத்துட்டு அந்தக் கண்ணாடியையே வாங்கிட்டா" என்றார். அன்று மாடிப்படி எனக்குச் சிரமமாகத் தெரியவில்லை.

இனி அந்த நாளைச் சொல்கிறேன். பெட்டி நிறையப் படிக்கிற கண்ணாடிகள். சாயங்காலத்துக்குள் எல்லாப் படமும் வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த பெட்டியிலிருந்து வேலை வேறு ஆளுக்குப் போய்விடும் என்று அவசரம் இந்தத் தடவை கோபமாகவே சொல்லியிருந்தார். மகன் லாரியோடு எங்கோ தூரத்தில். அவள் விடிந்ததிலிருந்து கறுப்பில் இருந்தாள். நானும் முகத்தைக் கழுவிச் சவரம் செய்துகொண்டு உட்கார்ந்துவிட்டேன். பாதிப் பெட்டி முடிந்ததும் டீ போட்டுக் கொண்டு வந்தாள். குடிக்கும்போது கொஞ்சம் சட்டையில் வழிந்தது. டம்ளர் விளிம்பு சரியில்லை என்று டம்ளரைத் திட்டினேன்.

டீக்கு முன்னால் கடைசியாக எடுத்தது ஒரு பழுப்பு நிறக் கண்ணாடி. அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தவள், வலது கண்ணாடியில் ஒரு தூசி இருக்கிறது, இன்னொரு தடவை எடுத்துவிடலாம் என்றாள். ஒரு தூசி. கம்ப்யூட்டரில் ஒரு தட்டுத் தட்டினால் போய்விடும். எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் உட்கார்ந்தேன். அவள் ஊதி, துடைத்து, மாட்டிவிட்டுப் போனாள்.

"கோணலா இருக்கு."

வந்தாள், கழற்றினாள், ஒரு பக்கக் கம்பியை லேசாக வளைத்தாள், மாட்டினாள், போனாள், பார்த்தாள். மறுபடி வந்தாள். மூன்றாவது தடவையும் வந்தபோது எனக்கு வழக்கமான வசனம் வாயில் வந்தது. ஆடத் தெரியாதவ என்று ஆரம்பித்தேன். முழுசாகச் சொன்னதாகத்தான் என் நினைப்பு. அவள் காதில் என்ன விழுந்தது என்று பிறகு ஒருநாள் கேட்டேன். "வாய்ல சோத்தை வச்சுக்கிட்டுப் பேசற மாதிரி இருந்துது மாமா" என்றாள்.

அவள் கண்ணாடியைத் தலைகீழாக மேஜையில் வைத்துத் தட்டினாள். அது ஆடியது. காலையில் ஆடாமல் உட்கார்ந்த அதே கண்ணாடி, அவள் வளைத்ததால் இப்போது ஆடுகிறது. மறுபடி ஆடாதபடி சரி செய்தாள். மேஜை மேல் நேராக இருந்தது. என் முகத்தில் மாட்டினாள். கோணல். அப்போது அவள் அதுவரை செய்யாத ஒன்றைச் செய்தாள். கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, வெறும் முகத்தைப் பார்த்தாள்.

"மாமா, கொஞ்சம் சிரிங்க."

சிரிப்பதற்கு என்ன இருக்கிறது என்று தோன்றியது. சிரித்தேன். அவள் ஒரு படம் எடுத்தாள். கம்ப்யூட்டரில் டீக்கு முன்னால் எடுத்த படத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டாள். அங்கிருந்து எனக்கும் தெரிந்தது. முதல் படத்தில் உதடு கோடு போட்டது போல இருந்தது. இரண்டாவதில் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. இன்னொரு பக்கம் யார் வீட்டுக் கல்யாணமோ என்று தொங்கிக்கொண்டிருந்தது.

"மாமா, எழுந்திருக்காதீங்க" என்றாள். அவள் குரல் அப்படி ஒருபோதும் இருந்ததில்லை. எழுந்துகொள்ளப் பார்த்தேன். ஒரு கை வரவில்லை.

அந்தச் சமயத்தில் அவளுக்குப் பக்கவாதம் என்ற வார்த்தையே தோன்றவில்லையாம். காலையில் நேராக இருந்த ஒன்று இப்போது கோணலாக இருக்கிறது, கண்ணாடியில் குற்றமில்லை, அவ்வளவுதான் தெரிந்தது என்றாள். அது போதுமாக இருந்தது. மாடிப்படியில் அவள் ஓடி இறங்கியது எனக்குக் கேட்டது. சலவைக் கடைக்காரரும் அவரிடம் இஸ்திரி போடுகிறவரும் வந்து, அந்த நாற்காலியோடு என்னைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்கினார்கள். துணி கொண்டு போகிற வேனில், மடித்து வைத்த விரிப்புகளுக்கு நடுவில் என்னைப் படுக்க வைத்தார்கள். அவள் என் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் கேமரா தொங்கியது. உயிர் போகிற நேரத்திலும் இவளுக்குக் கேமரா தேவைப்படுகிறது பார் என்று நினைத்தேன். நல்லவேளை, சொல்வதற்கு வாய் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எப்ப ஆரம்பிச்சுது?"

அவள் கேமராவைத் திருப்பிக் காட்டினாள். "இது டீ குடிக்கறதுக்கு முன்னாடி எடுத்தது டாக்டர். இது குடிச்ச பிறகு. படத்துலயே நேரம் இருக்கு."

டாக்டர் இரண்டு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தார். நேரத்தைப் பார்த்தார். உள்ளே யாரிடமோ ஏதோ சொன்னார். என்னைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். மூளையில் அடைத்துக்கொண்ட ரத்தக் கட்டியைக் கரைக்க ஒரு மருந்து இருக்கிறதாம். அடைத்துக் கொஞ்ச நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன், நேரம் தவறினால் அதுவே ஆபத்து. பிறகு டாக்டர் என் மகனிடம் சொன்னார்: "கூட்டிட்டு வர்றவங்க பெரும்பாலும் காலைல நல்லாத்தான் இருந்தார்னு சொல்வாங்க. எதுவரைக்கும் நல்லா இருந்தார்னு கேட்டா முழிப்பாங்க. இவங்க படமே எடுத்து வச்சிருந்தாங்க. எங்களுக்கு யோசிக்க வேண்டியதே இல்லாம போச்சு."

இவள் மட்டும் அவசரம் சொன்னபடி கம்ப்யூட்டரில் சாய்த்து நேராக்கிக்கொள்கிறவளாக இருந்திருந்தால், அந்தத் தூசியை ஒரு தட்டில் துடைத்துவிட்டு அடுத்த கண்ணாடிக்குப் போயிருப்பாள். நான் கூடத்துக்குப் போய்க் கட்டிலில் சாய்ந்திருப்பேன். மாமா தூங்குகிறார் என்று கதவைச் சாத்தியிருப்பாள். எழுந்திருப்பேனா, எழுந்தாலும் எப்படி எழுந்திருப்பேன் என்று தெரியாது.

கண் விழித்தபோது சுவர் வெள்ளை, கூரை வெள்ளை, விரிப்பு வெள்ளை. பக்கத்தில் தலை முதல் கால் வரை கறுப்பில் ஒரு உருவம். மாற்றிக்கொள்ள அவளுக்கு ஏது நேரம். ஓகோ, முடிந்துவிட்டது போலிருக்கிறது, துக்கத்துக்கு ஆள் வந்துவிட்டது என்று நினைத்தேன். நாக்கைப் புரட்டிப் புரட்டி, ஒவ்வொரு எழுத்தாகப் பிடித்து இழுத்துக் கேட்டேன்.

"யா...ரும்மா... போயிட்டாங்க?"

அவள் என்னையே பார்த்தாள். "யாரும் போகல மாமா" என்றாள். "இது வேலைக்கு." அதைச் சொல்லிவிட்டு அந்தக் கறுப்புத் துணியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

மகன் லாரியை எங்கேயோ ஒப்படைத்துவிட்டு வந்து சேர்ந்தான். அவன் வந்ததும்தான் அவளுக்குப் பெட்டி நினைவு வந்தது. பாதிப் படம் போகவில்லை. சாயங்காலம் எப்போதோ போய்விட்டது. வெளியே போய் அவசரத்துக்குப் போன் செய்தாள். கதவு திறந்திருந்தது, அவள் பேசியது எனக்குக் கேட்டது. மாமாவுக்கு இப்படி ஆகிவிட்டது சார், பெட்டியை யாரையாவது அனுப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றாள். அதற்கு அந்த மனுஷன் சொன்னது, "படத்துல கண்ணாடி போட்டிருப்பாரே, அவரா மேடம்? பெட்டி அங்கேயே இருக்கட்டும். அவரைப் பாருங்க. ஒண்ணும் அவசரம் இல்ல."

அவள் உள்ளே வந்து அதை என்னிடம் சொன்னாள். நான் சிரிக்கப் பார்த்தேன். பாதிதான் வந்தது. அவள் மீதியையும் சேர்த்துச் சிரித்தாள்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சிக்கு ஒரு பெண் வருவார். அ, ஆ என்று நீட்டச் சொல்வார், கன்னத்தை உப்பச் சொல்வார். எனக்கு மானக்கேடாக இருந்தது. நான் ஒத்துழைக்கிறதில்லை என்று அந்தப் பெண் மருமகளிடம் புகார் சொன்னார். மருமகள் கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க மாமா. ஆடத் தெரியாதவ..."

நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"கூடத்துல உக்காந்துக்கிட்டு எத்தனை தடவை சொல்லியிருக்கீங்க. இப்ப சொல்லுங்க பாப்போம்."

சொன்னேன். மேடை என்ற இடத்தில் நாக்கு தடுக்கியது. மறுபடி சொல்ல வைத்தாள். மறுநாளும் சொல்ல வைத்தாள். பேச்சுப் பயிற்சிக்கார அம்மாவும் இது நல்ல பயிற்சி என்று சொல்லிவிட்டார். என்னைப் பெற்றவள்கூட எனக்குப் பேச்சுப் பழக்க இவ்வளவு பாடுபட்டிருக்க மாட்டாள். ஒருநாள் காலையில் நர்ஸ் மாத்திரை கொண்டு வந்தபோது, ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம் என்று தடுக்காமல், தடுமாறாமல், முழுசாக வந்தது. நர்ஸ் தன்னைத்தான் சொல்கிறேன் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். மருமகள் போய்ச் சமாதானம் செய்ய வேண்டியதாயிற்று.

வீட்டுக்கு அனுப்பும் அன்று டாக்டர் வந்து கை தூக்கச் சொன்னார், நடக்கச் சொன்னார், திருப்தியாகத் தலையாட்டினார். மருமகள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ கேட்கப் போகிறாள் என்று டாக்டரும் நின்றார்.

"டாக்டர், தப்பா நினைச்சுக்காதீங்க. உங்க கண்ணாடி வலப்பக்கம் இறங்கியிருக்கு. ஒரு நிமிஷம் குடுங்க."

வந்த நாளிலிருந்தே அவள் கண்ணை அது உறுத்தியிருக்கிறது. என் உடம்பு தேறட்டும் என்று பொறுத்திருந்திருக்கிறாள். வாங்கினாள், உணவு வைக்கும் பலகையில் தலைகீழாக வைத்துத் தட்டினாள், வளைத்தாள், கொடுத்தாள். டாக்டர் போட்டுப் பார்த்துவிட்டு, "ரொம்ப நாளா கழுத்தைச் சாச்சுப் படிச்சுக்கிட்டிருந்தேன், இதனாலதானா" என்றார்.

வேலை போகவில்லை. அதே கிட்டங்கியிலிருந்து பெட்டிகள் வருகின்றன. நானும் மறுபடி நாற்காலியில் உட்காருகிறேன். ரொம்பக் களைத்துப் போனால் மட்டும் உதட்டின் ஒரு ஓரம் மயிரிழை இறங்கும். மகன் என் கட்டிலைப் பின்னறைக்கே மாற்றிவிடலாமா, அவள் வேறு ஏற்பாடு செய்துகொள்கிறேன் என்கிறாள் என்று கேட்டான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்த அறை யார் கையில் இருக்க வேண்டுமோ அவள் கையில்தான் இருக்கிறது.

ஒரு புதுப் பழக்கம் மட்டும் சேர்ந்திருக்கிறது. தினமும் காலையில், பெட்டியைத் திறப்பதற்கு முன்னால், என்னைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைக்கிறாள். அந்தப் பழுப்பு நிறக் கண்ணாடியைக் கிட்டங்கியில் கேட்டு வாங்கி வைத்திருக்கிறாள். அதைத் தலைகீழாக மேஜையில் வைத்துத் தட்டிப் பார்த்து எனக்கு மாட்டுகிறாள். "வெளிச்சம் எப்படி இருக்குனு பாக்கணும் மாமா, கொஞ்சம் சிரிங்க" என்கிறாள். நான் சிரிக்கிறேன். ஒரு படம் எடுக்கிறாள்.

பொய் சொல்கிறவர்களைப் பிடிப்பதே பிழைப்பாக இருந்தவன் நான். அந்த அறையில் ஜன்னல் மூடியிருக்கிறது. விளக்குகள் இரண்டும் ஆணி அடித்தது போல அதே இடத்தில் நிற்கின்றன. நேற்று இருந்த வெளிச்சம்தான் இன்றும் இருக்கும், நாளையும் இருக்கும். பார்ப்பதற்கு அதில் ஒன்றும் கிடையாது. முதல் நாளே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் கேட்கவில்லை. சிலரை டிக்கெட் கேட்காமல் விட்டுவிட வேண்டும்.

நன்றி என்று அவளிடம் நான் இன்னும் வாய் திறந்து சொன்னதில்லை. எங்கள் வீட்டில் அப்படியெல்லாம் பேசிப் பழக்கமில்லை. அதனால்தான் எழுதி வைக்கிறேன். இன்றைக்குக் காலையில் மட்டும், அவள் திரையைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்துக்கொண்டிருந்ததால், கேட்டேன்.

"என்னம்மா, வெளிச்சம் சரியா இருக்கா?"

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

"நேரா இருக்கு மாமா."

பிறகு பெட்டியைத் திறந்தாள்.